ஆறு டிகிரிக்கு ஆபரேஷனா?

போன எபிசோட்ல பல்லுக்கு கிளிப் போடுறதைப் பத்திப் பேசினதும் நிறைய வாய்ஸ் நோட் வந்தது. பாதிப் பேர் கேட்டது ஒரே கேள்வி: "எக்ஸ்ரே பார்த்துட்டு தாடை ஆபரேஷன்னு சொல்றாங்க, உண்மையா?" எனக்கும் அப்படித்தான் சொன்னாங்க.

எனக்கு எத்துப்பல். ஸ்கூல்ல வச்ச பேரெல்லாம் இங்க வேணாம். 26 வயசுல, சொந்தக் காசுல, ஒரு கிளினிக்குக்குப் போனேன். தலையைப் பக்கவாட்டுல எக்ஸ்ரே எடுத்து, கம்ப்யூட்டர்ல கோடு போட்டு ஒரு பேப்பர் கொடுத்தாங்க. ஏ.என்.பி 6 டிகிரி, நார்மல் 2. "கீழ்த்தாடை பின்னாடி இருக்கு, வெட்டி முன்னாடி நகர்த்தணும்." பத்து நிமிஷத்துல முடிஞ்சது. ஆட்டோ ஏறுற வரைக்கும் அம்மா ஒரு வார்த்தை பேசலை.

சரி, இந்த 6 எங்கிருந்து வருது? இந்த எக்ஸ்ரேவுக்குப் பேர் செஃபலோகிராம். ரெண்டு காதுலயும் குச்சி மாதிரி ஒண்ணை வச்சுத் தலையை அசையாம நிறுத்துவாங்க. எப்ப எடுத்தாலும் தலை அதே நிலையில இருக்கணும், அப்பத்தான் ஒரு படத்தை இன்னொண்ணோட ஒப்பிட முடியும். 1931ல அமெரிக்காவுல பிராட்பென்ட், ஜெர்மனியில ஹாஃப்ராத், ரெண்டு பேரும் தனித்தனியா இந்த முறையை வெளியிட்டாங்க.

படத்துல சில புள்ளிகள் வைப்பாங்க. எஸ், மண்டையோட்டுக்கு நடுவுல பிட்யூட்டரி சுரப்பி உட்கார்ந்திருக்கிற குழியோட மையம். அந்தக் குழியோட லத்தீன் பேருக்கு அர்த்தம் 'துருக்கிச் சேணம்'. எனக்கு ரொம்பப் பிடிச்ச பேர். என், நெற்றி எலும்பும் மூக்கெலும்பும் சேர்ற இடம். ஏ, மேல்தாடை முன்பக்க வளைவுல ஆழமான இடம். கீழ்த்தாடையில அதே மாதிரி இடம் பி.

எஸ்ஸிலிருந்து என்னுக்கு ஒரு கோடு. அந்தக் கோட்டுக்கு ஏ எவ்வளவு முன்னாடி, பி எவ்வளவு முன்னாடி என்று கோணத்தில் அளக்கிறார்கள். 1953ல ஸ்டைனர் கொடுத்த அளவு: மேல்தாடைக்கு 82, கீழ்த்தாடைக்கு 80. வித்தியாசம் 2. அதுதான் ஏ.என்.பி.

இப்ப என் பேப்பரைப் பாருங்க. மேல்தாடை 87, கீழ்த்தாடை 81. கீழ்த்தாடை பின்னாடி இருக்குன்னு சொன்னாங்களே, 81 எப்படி 80க்குப் பின்னாடி ஆகும்? அன்னைக்கு எனக்கு இது உறைக்கவே இல்லை. ரெண்டாவதா பார்த்த டாக்டரம்மாதான் காட்டினாங்க.

அவங்க பென்சில் எடுத்து என் புள்ளியை மட்டும் கொஞ்சம் முன்னாடி தள்ளி வரைஞ்சாங்க. தாடையைத் தொடவே இல்லை, கோணம் குறைஞ்சிடுச்சு. "இங்க பாரும்மா, உனக்கு மண்டையோட்டு அடிப்பாகம் கொஞ்சம் குட்டை. அதனால இந்தப் புள்ளி பின்னாடி போயிடுது, கோணம் பெருசாத் தெரியுது." அளக்கிற ஸ்கேலே நகர்ந்து உட்கார்ந்திருந்தா தாடை என்ன பண்ணும்?

இதைச் சரிபார்க்க இன்னொரு வழி இருக்கு. 1975ல ஜேக்கப்சன் சொன்னது. தென்னாப்பிரிக்காவுல விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகம், சுருக்கமா விட்ஸ். அளவுக்கும் அதே பேர். இதுல மண்டையோட்டுப் பக்கமே போக மாட்டாங்க. மேல் பல்லும் கீழ்ப் பல்லும் கடிக்கிற கோட்டை எடுத்து, ஏவிலிருந்தும் பியிலிருந்தும் அதுக்கு நேர்க்குத்தாக் கோடு இறக்கி, நடுவுல எத்தனை மில்லிமீட்டர்னு பார்ப்பாங்க. பெண்களுக்குக் கிட்டத்தட்ட 0 இருக்கணும். எனக்கு 1.

அதே 6 டிகிரி உள்ள இன்னொருத்தருக்கு இது 8 மில்லிமீட்டர் வரலாம். அவருக்கு நிஜமாவே தாடைப் பிரச்சினை, ஆபரேஷன் சரியான யோசனையாவும் இருக்கலாம். விட்ஸையும் கண்ணை மூடி நம்ப முடியாது, ஏன்னா கடிக்கிற கோடே சாய்ஞ்சிருந்தா அதுவும் பொய் சொல்லும். அதனால டாக்டரம்மா மாவுல பல் அச்சு எடுத்தாங்க, முகத்தைப் பக்கவாட்டுல ரொம்ப நேரம் பார்த்தாங்க, சிரிக்கச் சொன்னாங்க.

இந்த 'நார்மல்' யாருடையதுன்னும் கேட்கணும். 1948ல டௌன்ஸ் வெளியிட்ட அளவுகளுக்கு அடிப்படை, 12லிருந்து 17 வயசுக்குள்ள 20 வெள்ளையினப் பிள்ளைகள். இருபதே பேர்! நம்ம ஊர் முகங்களுக்குத் தனியா அளவெடுத்தவங்க இருக்காங்க. உங்க டாக்டர் எதை வச்சு ஒப்பிடுறாருன்னு கேட்டா தப்பே இல்லை.

எனக்கு நாலு பல்லை எடுத்துட்டு கிளிப் போட்டாங்க. இப்ப பதினோராவது மாசம், முறுக்கு மட்டும் இன்னும் தடை. போன விசிட்ல சும்மா கேட்டேன், இந்த ஏ புள்ளியை எல்லாரும் ஒரே இடத்துலதான் வைப்பாங்களான்னு. அவங்க சிரிச்சுட்டே என் பழைய எக்ஸ்ரேவை ஜூனியர்கிட்ட கொடுத்துத் திரும்ப அளக்கச் சொன்னாங்க. ஐந்தரை வந்தது.