தாமே விடை கூறுதல்: வயதுவந்தோர்க்கான ஞானஸ்நான, திடப்படுத்தல் ஆயத்தமும் தமிழ்ச் சொல்லாட்சியும் (செங்கல்பட்டு – மாமல்லபுரம் பகுதியை முன்வைத்து)

திறவுச்சொற்கள்: ஞானஸ்நானம், திருமுழுக்கு, திடப்படுத்தல், ஞானோபதேசம், வினாவிடை, தென்னிந்தியத் திருச்சபை

முன்னுரை

வயதுவந்த ஒருவர் கிறித்தவ சமயத்துள் நுழையும்போது பெறும் முதற்சடங்கு ஞானஸ்நானம் ஆகும். ஆங்கிலிக்கன் மரபில் அதனை அடுத்து, பேராயர் தலைமேல் கைவைத்து மன்றாடும் திடப்படுத்தல் நிகழும். இவ்விரு சடங்குகளுக்கும் முன்னர் அவர் கற்பிக்கப்பட வேண்டும் என்பதும், கற்றதைத் தம் வாயால் அறிக்கையிட வேண்டும் என்பதும் அம்மரபின் விதிகள். குழந்தைக்காகப் பிறர் விடை கூறலாம். வயதுவந்தவர் தமக்குத் தாமே விடை கூறியாக வேண்டும். இவ்விதி தமிழில் எத்தகைய சொற்களைக் கொண்டு நடைமுறைப்பட்டது, அச்சொற்கள் எப்பொருளை முன்னிறுத்தின, ஒருவர் ‘ஆயத்தமானவர்’ என்பதை யார் முடிவுசெய்தனர் ஆகிய வினாக்களைச் செங்கல்பட்டு, மாமல்லபுரக் கடற்கரைப் பகுதிகளை முன்வைத்து ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பொதுப்பிரார்த்தனைப் புத்தகத்தில் வயதுவந்தோர்

இங்கிலாந்துத் திருச்சபையின் பொதுப்பிரார்த்தனைப் புத்தகத்தில் வயதுவந்தோர்க்கெனத் தனி ஞானஸ்நான முறைமை 1662ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் சேர்க்கப்பட்டது. உள்நாட்டுப் போர்க்காலத்தில் ஞானஸ்நானம் பெறாமலே வளர்ந்தோர்க்கும், குடியேற்ற நாடுகளின் மக்களுக்கும் அது பயன்படும் என்பதை அந்நூலின் முன்னுரை சுட்டுகிறது. எனவே இம்முறைமை தொடக்கத்திலேயே இங்கிலாந்துக்கு வெளியே வாழ்ந்த மக்களையும் மனத்திற்கொண்டு அமைந்தது எனலாம்.

அதன் விதிகள் மூன்று படிகளைக் கொண்டவை. முதலாவதாக, ஞானஸ்நானத்திற்குக் குறைந்தது ஒரு வாரத்திற்கு முன் பேராயருக்கோ அவரால் நியமிக்கப்பட்டவருக்கோ அறிவிக்க வேண்டும். இரண்டாவதாக, அவர் போதிய அளவு கற்பிக்கப்பட்டுள்ளாரா எனத் தேர்ந்தறிந்து, செபத்தாலும் நோன்பாலும் ஆயத்தப்படுமாறு அறிவுறுத்த வேண்டும். மூன்றாவதாக, ஞானஸ்நானம் பெற்றவர் இயன்ற விரைவில் திடப்படுத்தப்பட்டு நற்கருணைக்கு அனுமதிக்கப்பட வேண்டும்.

குழந்தை ஞானஸ்நானத்தில் குழந்தையின் பெயரால் விடை கூறும் ஞானப்பெற்றோர், இம்முறைமையில் சாட்சிகளாக மட்டுமே நிற்கின்றனர். ‘ஞானப்பெற்றோர்’ என்னும் தமிழ்த்தொடர் குழந்தைக்கு இயல்பாகப் பொருந்துகிறது. வயதுவந்தவரிடத்தில் அவர்கள் ஆற்றும் பணியைச் ‘சாட்சி’ என்னும் சொல்லே சரியாகச் சுட்டுகிறது.

வினாவிடை வடிவமும் அதன் இடர்ப்பாடும்

கிறித்தவ போதனையை வினாவிடையாக அமைப்பது தமிழ் அச்சு வரலாற்றின் தொடக்கத்தோடு பிணைந்தது. அன்றிக் அடிகளாரின் தம்பிரான் வணக்கம் 1578இல் கொல்லத்திலும், கிரிசித்தியானி வணக்கம் 1579இல் கொச்சியிலும் அச்சேறின. பின்னது வினாவிடை வடிவில் அமைந்த போதனை நூலாகும். கத்தோலிக்க மறைப்பணியில் வேரூன்றிய இவ்வடிவத்தைச் சீர்திருத்தச் சபையாரும் தமிழில் கையாண்டனர்.

ஆங்கிலிக்கன் ஞானோபதேச வினாவிடை விசுவாசப் பிரமாணம், பத்துக் கற்பனைகள், கர்த்தருடைய செபம் ஆகியவற்றை விளக்குவது. அருட்சாதனங்களைப் பற்றிய பகுதி 1604இல் சேர்க்கப்பட்டது. ஆனால் அதன் முதல் வினாக்கள் கற்பவரின் பெயரையும், அப்பெயரை இட்டவர் யார் என்பதையும் கேட்கின்றன. ஞானஸ்நானத்தில் ஞானப்பெற்றோர் இட்டனர் என்பதே எதிர்பார்க்கப்படும் விடை. இன்னும் ஞானஸ்நானம் பெறாத ஒருவர் இவ்விடையைக் கூற இயலாது. குழந்தைப் பருவத்தில் ஞானஸ்நானம் பெற்று வளர்ந்தவரைத் திடப்படுத்தலுக்கு ஆயத்தப்படுத்தவே அந்நூல் இயற்றப்பட்டது என்பது இதனால் தெளிவாகும். ஆகவே வயதுவந்த புதியவரைப் பயிற்றுவித்த உபதேசியார், அச்சிட்ட வினாவிடையை அப்படியே ஒப்பிக்கச் செய்வது போதுமானதாக இருந்திருக்க முடியாது. கேட்பவரின் நிலைக்கேற்ப அதனை மாற்றிச் சொல்லும் தேவை அவருக்கு இருந்தது.

மூன்று சொற்கள்

ஞானஸ்நானம்: இச்சொல்லில் நீராடல் ‘ஞானம்’ என்னும் அடையைப் பெறுகிறது. சைவ மரபில் ஞானம் வீடுபேற்றிற்கு ஏதுவாகும் அறிவைக் குறிப்பதால், கற்பித்தலுக்கும் சடங்கிற்கும் உள்ள தொடர்பைச் சொல்லே உணர்த்திவிடுகிறது. ‘ஞானோபதேசம்’ முன்செல்ல ‘ஞானஸ்நானம்’ பின்தொடர்வது வயதுவந்தோர் ஆயத்தத்தின் வரிசைக்கு இயைந்ததாகும்.

திருமுழுக்கு: தனித்தமிழ் நோக்கில் பரவிய இச்சொல் அறிவினும் செயலை முன்னிறுத்துகிறது. ‘தலைமுழுகுதல்’ என்பது உறவை அறுத்துக்கொள்ளுதல் என்னும் வழக்குப்பொருளையும் தமிழில் பெற்றுள்ளது. சமயம் மாறும் ஒருவரின் குடும்பத்தார் இச்சொல்லில் அப்பொருளைக் கேட்க இடமுண்டு. பழைய வாழ்வைத் துறத்தல் என்பதனைக் குடும்பத்தைத் துறத்தல் என்பதிலிருந்து பிரித்துக் காட்டுவது இதனால் ஆயத்தக் கல்வியின் பொறுப்பாகிறது.

இப்பகுதியின் நீராடல் வழக்கங்களும் இங்கு எண்ணத்தக்கன. மாசி மகத்தையொட்டி இருளர் மக்கள் மாமல்லபுரக் கடற்கரையில் கூடிக் கன்னியம்மனை வழிபடுவர். திருக்கழுக்குன்றத்துச் சங்கு தீர்த்தத்தில் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை சங்கு தோன்றும் என்பது நம்பிக்கை. இவை காலந்தோறும் மீள நிகழும் புனித நிகழ்வுகள். ஞானஸ்நானமோ வாழ்நாளில் ஒருமுறையே நிகழ்வது. புனித நீர் என்னும் கருத்து இப்பகுதியினர்க்குப் புதிதன்று. மீளச் செய்யப்படாத நீராடல் என்பதே விளக்கம் வேண்டுவது.

திடப்படுத்தல்: கத்தோலிக்கர் ‘உறுதிபூசுதல்’ என்பதனைத் தென்னிந்தியத் திருச்சபையார் ‘திடப்படுத்தல்’ என்பர். 1662ஆம் ஆண்டு முறைமையில் இச்சடங்கு இருதிசைப் பொருளுடையது. ஞானப்பெற்றோர் முன்னர்த் தம் பெயரால் அளித்த வாக்கை இப்போது ஒருவர் தாமே உறுதிசெய்கிறார். அவரைத் தூய ஆவியால் திடப்படுத்துமாறு பேராயர் மன்றாடுகிறார். முன்னதில் அவர் எழுவாய், பின்னதில் செயப்படுபொருள். ‘திடப்படுத்தல்’ என்னும் பிறவினை பின்னதையே முதன்மையாகச் சுட்டுகிறது.

வயதுவந்தவர் ஞானஸ்நானத்திலேயே தம் வாக்கைத் தாமே அளித்துவிடுகிறார். ஆதலால் அவரிடத்தில் உறுதிசெய்தல் என்னும் பொருள் பெரிதும் நிறைவேறிவிடுகிறது; திடம்பெறுதல் என்னும் பொருளே எஞ்சுகிறது. குழந்தைப் பருவத்தில் ஞானஸ்நானம் பெற்றவரைக் காட்டிலும் வயதுவந்த புதியவர்க்கே இத்தமிழ்ச்சொல் நெருக்கமாகப் பொருந்துவது குறிப்பிடத்தக்கது.

செங்கல்பட்டு: ஆயத்தத்தை அளந்தோர்

சென்னை மாநில ஆங்கிலிக்கன் பணியில் தனிமனிதராகக் கற்றுத் தெளிந்து சபையில் சேர்ந்தோர்க்கு எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை (1827–1900) சிறந்த சான்று. திருநெல்வேலிப் பகுதி வைணவக் குடும்பத்தில் பிறந்து, சாயர்புரத்தில் தமிழாசிரியராக இருந்த அவர் 1858இல் சென்னையில் ஞானஸ்நானம் பெற்றார். பின்னர் இரட்சணிய யாத்திரிகம் பாடினார். கற்றவரான அவருக்கு, தாமே விடை கூற வேண்டும் என்னும் விதி கடினமானதன்று.

செங்கல்பட்டின் நிலை வேறு. இங்கு முதன்மையாகப் பணியாற்றியது ஆங்கிலிக்கன் சபை அன்று. ஸ்காட்லாந்துச் சுதந்திரத் திருச்சபையின் பிரஸ்பிட்டேரியன் பணியே ஆகும். அம்மரபில் பேராயர் இல்லை. நற்கருணைக்கு அனுமதிப்பது குருவும் மூப்பரும் அடங்கிய அவையின் பொறுப்பு. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆதாம் ஆண்ட்ரு போன்ற பணியாளரை நாடி வந்தோருள் பலர் நிலமற்ற, ஒடுக்கப்பட்ட வேளாண் தொழிலாளர். அவர்தம் நிலை குறித்து மாவட்ட ஆட்சியர் டிரெமன்கீர் 1891இல் அறிக்கை எழுதினார்; 1892ஆம் ஆண்டின் பஞ்சமி நில ஆணைக்கு அது வழிகோலியது.

நிலமும் பாதுகாப்பும் வேண்டி வருவோர்க்கு ஞானஸ்நானம் அளிக்கலாமா என்பது பணியாளரிடையே விவாதப்பொருளாயிற்று. ஆன்மிக நோக்கம், உலகியல் நோக்கம் என்னும் இப்பகுப்பு அக்காலப் பணியாளரின் சிந்தனையை எவ்வாறு வடிவமைத்தது என்பதை ரூபா விஸ்வநாத்தின் 2014ஆம் ஆண்டு நூல் விரிவாக ஆராய்கிறது. ஆயத்தக் காலம் இதனால் கற்பித்தலுக்கான காலமாக மட்டும் அமையவில்லை. உள்நோக்கத்தைச் சோதிக்கும் காலமாகவும் அமைந்தது. எழுத்தறிவு மறுக்கப்பட்டவர் அளிக்கும் விடையில், மனப்பாடம் எது, உணர்வு எது எனப் பிரித்தறியும் அதிகாரம் கேட்பவரிடமே இருந்தது.

1947க்குப் பின்

1908இல் பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் சபைகள் தென்னிந்திய ஐக்கியச் சபையாக இணைந்தன. அச்சபையும் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் சபைகளும் 1947 செப்டம்பர் 27 அன்று சென்னையில் தென்னிந்தியத் திருச்சபையாக ஒன்றுபட்டன. காஞ்சிபுரத்தில் 1939 முதல் பணியாற்றிய ஸ்காட்லாந்துப் பிரஸ்பிட்டேரியன் குருவாகிய லெஸ்லி நியூபிகின் அவ்வாண்டே பேராயரானது இவ்விணைப்பின் தன்மையைக் காட்டும்.

1950இல் வெளிவந்த இத்திருச்சபையின் திடப்படுத்தல் முறைமை, ஞானஸ்நானம் பெற்றோரைச் சபையின் முழு ஐக்கியத்தில் ஏற்றுக்கொள்ளுதல் என்பதைத் தன் தலைப்பிலேயே கூறியது. வாக்கை உறுதிசெய்தல், திடம்பெறுதல் ஆகிய ஆங்கிலிக்கன் பொருள்களோடு, ஏற்கப்படுதல் என்னும் மூன்றாம் பொருளும் இவ்வாறு இணைந்தது. 1963இல் வெளியான பொது வழிபாட்டு நூல், ஞானஸ்நானம் பெறுவோரை வயதால் சுட்டாமல் தாமே விடை கூறத்தக்கோர் எனச் சுட்டியது. வயதென்னும் அளவுகோல் திறனென்னும் அளவுகோலாக மாறியது இதன் சிறப்பு.

விடையின் விலை

தாமே கூறும் விடைக்குச் சட்ட விளைவும் உண்டு. 1950ஆம் ஆண்டின் அரசியலமைப்பு (பட்டியல் சாதிகள்) ஆணையின் மூன்றாம் பத்தி பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களுக்கு உரியதாக்கியது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர், கிறித்தவர் சேர்க்கப்படவில்லை. தமிழ்நாட்டில் பட்டியல் சாதியிலிருந்து கிறித்தவராக மாறியோர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இடம்பெறுகின்றனர். எனவே ஒடுக்கப்பட்ட ஒருவர் ஞானஸ்நானம் பெறும்போது கல்வி, வேலைவாய்ப்பு உரிமைகளும் மாறுகின்றன.

இயேசுவை வழிபட்டும் ஞானஸ்நானம் பெறாதிருப்போர் தமிழகத்தில் பலர் உள்ளனர் என்பதை எர்பர்ட் ஹோபரின் ஆய்வு (1991) எடுத்துக்காட்டியது. அவர்தம் நிலையை ஆயத்தக் குறைவு எனக் கொள்வது பொருந்தாது. குடும்பம், சாதி, சட்டம் ஆகியவற்றை எண்ணிப் பார்த்து விடையை நிறுத்திவைத்திருப்போரும் அவருள் அடங்குவர். 19ஆம் நூற்றாண்டில் உலகியல் நன்மைக்காக வருகிறார்கள் என ஐயுறப்பட்ட மக்களின் வழித்தோன்றல்கள், இன்று உலகியல் இழப்பை ஏற்றே ஞானஸ்நானம் பெற வேண்டியுள்ளது என்னும் முரண் இங்குக் கருதத்தக்கது.

முடிவுரை

வயதுவந்தோர் ஆயத்தத்தின் மையம் தாமே விடை கூறுதல் ஆகும். குழந்தையாய் ஞானஸ்நானம் பெற்றவர்க்கென எழுந்த வினாவிடை நூல் அதற்கு முழுமையாகப் பொருந்தவில்லை. ‘ஞானஸ்நானம்’ கற்பித்தலையும், ‘திருமுழுக்கு’ செயலையும், ‘திடப்படுத்தல்’ பெறும் வலிமையையும் முன்னிறுத்துகின்றன. விடை கூறுபவரை எழுவாயாக நிறுத்தும் சொல் இம்மூன்றனுள் இல்லை. அவ்விடத்தை ஆயத்தக் காலத்தின் உரையாடலே நிரப்புகிறது. செங்கல்பட்டு வரலாறு காட்டுவது போல, அவ்வுரையாடலில் வினவுவோரின் அதிகாரம் மிகுந்தால் விடை ஒப்புவித்தலாகச் சுருங்கும். விடை கூறுபவர் தாம் இழப்பதையும் பெறுவதையும் அறிந்து கூறுமிடத்தே அது அவருடைய விடையாகும். உபதேசியாரின் கையேடுகள், சபைப் பதிவேடுகள், வாய்மொழி வழக்காறுகள் ஆகியவற்றை இந்நோக்கில் ஆராய்வது கிறித்தவத் தமிழாய்வுக்குப் புதிய தரவுகளை வழங்கும்.