முந்தலுக்கு மேலே முதல் லோடு

போடிநாயக்கனூரில் விடிவதற்குள் ஜீப்புகள் மலையடிவாரத்து முந்தல் பக்கம் கிளம்பிவிடும். பூப்பாறை, சாந்தன்பாறை, ராஜகுமாரி என்று இடுக்கி மலையின் ஏலத்தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போகும் பெண்கள் அவற்றில் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். பின்னாலேயே காய்கறி, உரம், சிமெண்ட் ஏற்றிய வண்டிகள் மேலே ஏறும். மேலிருந்து ஏலக்காய் மூட்டைகள் இறங்கும். நறுமணப் பொருட்கள் வாரியத்தின் மின்னணு ஏலம் நடக்கும் இரண்டு ஊர்களில் போடி ஒன்று, புற்றடி மற்றொன்று. இத்தனை வண்டி ஓடும் ஊரில், லைசென்ஸ் எடுத்துக்கொண்டு வேலை கேட்கப் போகும் பையனுக்கு எல்லா இடத்திலும் ஒரே கேள்விதான்: "மலை ஏறி இறங்கியிருக்கியா?"

இல்லை என்றால் வேலை இல்லை. வேலை இல்லாமல் மலை ஏறிப் பழகுவது எப்படி? இந்த முடிச்சில் சிக்கியவன், "வந்தா போதும்" என்று யார் கூப்பிட்டாலும் போய்விடுகிறான். புதியவனைத் தேடி வருகிற வேலைகளில் பல, அனுபவசாலி ஒருவர் வேண்டாமென்று விட்டுப்போன வேலைகள். எதை ஏற்கலாம், எதை மறுக்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு ஏறுவது அவன் உயிருக்கும் நல்லது, லைசென்ஸுக்கும் நல்லது.

முதலில் ஒரு நல்ல செய்தி. சாதாரண லைட் லைசென்ஸ் வைத்திருப்பவர், மொத்த எடை 7,500 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டியை ஓட்டலாம். அதற்குத் தனியாக பேட்ஜ் தேவையில்லை. 2024 நவம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு இதை உறுதி செய்தது. நம் ஊரில் 'குட்டி யானை' என்று அழைக்கும் டாடா ஏஸ், பொலேரோ பிக்கப் எல்லாம் இந்த வரம்புக்குள் வரும். வண்டியின் தோற்றத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். ஆர்.சி. புத்தகத்தில் 'மொத்த எடை' என்று இருக்கும் எண்ணைப் பாருங்கள். வண்டியின் சொந்த எடையும் சரக்கின் எடையும் சேர்ந்த கணக்கு அது. போடிக்கும் தேனிக்கும் இடையே சமதரையில் சிறிய வண்டி ஓட்டி ஒரு வருடம் கழித்தவருக்கு அடுத்த படி எளிது.

அந்த அடுத்த படி ஹெவி. அதற்கு 20 வயது நிரம்பியிருக்க வேண்டும், லைட் லைசென்ஸ் எடுத்து ஓராண்டு ஆகியிருக்க வேண்டும். மருத்துவச் சான்றும், அரசு அனுமதி பெற்ற பயிற்சிப் பள்ளியின் சான்றும் வேண்டும். எட்டாம் வகுப்பு படித்திருக்க வேண்டும் என்ற பழைய நிபந்தனையை 2019-லேயே எடுத்துவிட்டார்கள். இன்னும் அதைச் சொல்லிப் பணம் கேட்கும் புரோக்கரை நம்பாதீர்கள். அங்கீகாரம் பெற்ற ஓட்டுநர் பயிற்சி மையத்தில் கனரக வாகனப் பயிற்சி ஆறு வாரத்தில் 38 மணி நேரம். அங்கே தேறினால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் மறுபடி ஓட்டிக் காட்ட வேண்டியதில்லை. ஹெவிக்கு எல்.எல்.ஆர். கையில் இருக்கும்போது, அந்த வண்டிக்கான லைசென்ஸ் உள்ளவர் பக்கத்தில் உட்கார்ந்து, 'எல்' பலகை மாட்டி, லாரியில் பழகச் சட்டம் இடம் தருகிறது. அனுபவத்துக்கான நேர்வழி இதுதான். ஆனால் பலரும் இரவில் ஆளில்லாத சாலையில் திருட்டுத்தனமாகப் பழகுகிறார்கள்.

பழைய டிரைவர்கள் எல்லாம் கிளீனராக இருந்து வந்தவர்கள். அந்த வழி இன்றும் வீண் போகவில்லை என்பது என் கருத்து. முந்தலிலிருந்து மேலே ஏறும் போடிமெட்டுச் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். ஏற்றத்தில் வண்டி நின்றால் ஓடிப்போய்ச் சக்கரத்துக்குக் கட்டை கொடுப்பவன் கிளீனர். எந்த வளைவில் எந்த கியர் விழுகிறது, பனி இறங்கினால் எங்கே ஒதுக்கி நிறுத்துவது என்பதை அவன் உடம்பே கற்றுக்கொள்கிறது. இறக்கத்துக்கு மலை டிரைவர்கள் சொல்லும் பாடம் ஒன்று உண்டு: எந்த கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு. டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டால் என்ஜினின் பிடிமானம் போய்விடும். பாரம் முழுவதும் பிரேக் மேல் விழும். தொடர்ந்து மிதித்தால் லைனர் காய்ந்து கருகல் வாடை வரும். அதன் பிறகு மிதித்தாலும் பிடிக்காது. ஏர் பிரேக் வண்டியில் விட்டுவிட்டு மிதித்துக்கொண்டே வந்தால் காற்றழுத்தம் குறையும் ஆபத்தும் சேர்ந்துகொள்ளும். குறுகிய இடத்தில் எதிரே ஏறி வரும் வண்டிக்கு இறங்கும் வண்டிதான் வழிவிட வேண்டும் என்பது மரியாதைக்காகச் சொன்னதல்ல, சாலை விதியே அது.

இனி மறுக்க வேண்டியவை. "தம்பி, இன்னிக்கு நைட் ஒரு டிரிப் மட்டும் ஏறி இறங்கு. போலீஸ் மறிச்சா நான் பார்த்துக்கறேன்." லைட் லைசென்ஸ் மட்டும் உள்ளவனிடம் பெரிய லாரியின் சாவியைக் கொடுத்து இப்படிச் சொல்லும் முதலாளி, தானும் குற்றம் செய்கிறார். தகுதியில்லாதவரிடம் வண்டி கொடுத்தவருக்கு 5,000 ரூபாய் அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ இரண்டுமோ உண்டு. ஓட்டியவருக்கும் அப்படியே. அபராதத்தைவிடப் பெரிய இடி காப்பீட்டில் விழும். விபத்தில் ஒருவர் இறந்தால், இன்சூரன்ஸ் நிறுவனம் அந்தக் குடும்பத்துக்குத் தொகையைக் கொடுத்துவிட்டு, சரியான லைசென்ஸ் இல்லாததால் அதை வண்டிக்காரரிடமிருந்து திரும்ப வசூலிக்கலாம். வழக்கில் டிரைவரும் எதிர்மனுதாரர். அலட்சியத்தால் மரணம் என்றால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவில் ஐந்தாண்டு வரை சிறை.

அடுத்தது சரக்கு. இந்த மலைச்சாலைகளில் ரேஷன் அரிசி கேரளாவுக்குக் கடத்தப்படுவதும் பிடிபடுவதும் ஊரறிந்த விஷயம். கஞ்சாவும் அப்படித்தான். வழக்கமான பேட்டாவைவிட இரண்டு மூன்று மடங்கு தருகிறேன், தார்ப்பாயைப் பிரிக்காதே என்று யாராவது சொன்னால், அதிகமாகக் கொடுப்பது எதற்கென்று கேளுங்கள். போதைப்பொருள் வழக்கில் 'எனக்குத் தெரியாது' என்பதை நீதிமன்றத்தில் நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில் விழும். நேர்மையான சரக்கானாலும் 50,000 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளது மாநில எல்லை தாண்டினால் பில்லோடு இ-வே பில் வேண்டும். ஏலக்காய் கிலோ ஆயிரம் ரூபாய் என்று வைத்தாலே ஐம்பது கிலோ மூட்டை ஒன்றே அந்த வரம்பைத் தொட்டுவிடும். இரண்டு மூட்டைக்குக்கூடக் காகிதம் இல்லாமல் ஏறாதீர்கள். கூடுதல் பாரமும் இதே கதைதான்: 20,000 ரூபாய் அபராதம், அதற்கு மேல் டன்னுக்கு 2,000. எடை போட மறுத்து ஓட்டினால் 40,000. இது யார் சம்பளத்தில் பிடிக்கப்படும் என்பதை ஏறுமுன் பேசி, எடைமேடை ரசீதைப் போட்டோ எடுத்து வையுங்கள்.

ஜீப் வேலைதான் எனக்கு அதிகம் கவலை தருவது. புதியவனுக்கு எளிதில் கிடைப்பதும் அதுதான். வெள்ளை நம்பர் பலகை போட்ட சொந்த உபயோக ஜீப்பில் வாடகைக்கு ஆள் ஏற்றினால் பெர்மிட் இல்லாத குற்றத்துக்கு 10,000 ரூபாய் அபராதத்தோடு ஆறு மாதம் வரை சிறையும் உண்டு. அதைவிடக் கொடுமை, விபத்தில் அதில் தோட்ட வேலைக்குப் போகும் பெண்களுக்கு இன்சூரன்ஸ் தொகை கிடைப்பதே போராட்டமாகிவிடும். ஆர்.சி.யில் எத்தனை இருக்கை என்று எழுதியிருக்கிறதோ அத்தனை பேர்தான். "எல்லாரும் இப்படித்தான் ஏத்துறாங்க" என்பார்கள். உங்கள் பின்னால் உட்கார்ந்திருப்பது உங்கள் தெருக்காரர்கள்.

வேலையில் சேரும்போது அசல் லைசென்ஸை 'பத்திரமா வைக்கிறேன்' என்று வாங்கி வைப்பது, முன்பணம் கொடுத்து வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்குவது இரண்டும் கூடாது. லைசென்ஸை டிஜிலாக்கரில் ஏற்றி வையுங்கள். சோதனையில் அது செல்லும். முன்பணத்தைக் காட்டி வேலையை விட்டுப் போகவிடாமல் தடுத்தால், அது 1976-ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்துக்குள் வரக்கூடிய விஷயம். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மாவட்ட ஆட்சியரிடமே மனுக் கொடுக்கலாம். லாரி வேலை வாங்கித் தருகிறேன் என்று போனில் பணம் பறித்தால் உடனே 1930-ஐ அழையுங்கள். தாமதிக்கத் தாமதிக்கப் பணம் கைமாறிப் போகும்.

அடிபட்டால் என்ன வழி? ஒற்றை லாரி வைத்திருக்கும் முதலாளியிடம் வேலை செய்தாலும் டிரைவரும் கிளீனரும் இழப்பீடு கேட்கலாம். 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் இருவரையும் சேர்த்திருந்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ள சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் அந்த உரிமை தொடர்கிறது. தமிழகத்தின் அமைப்புசாரா ஓட்டுநர்கள் நல வாரியத்தில் பெயர் பதிந்துகொள்ளுங்கள்; பிள்ளைகளின் படிப்பு, திருமணம், விபத்து, அறுபதுக்குப் பின் ஓய்வூதியம் என்று உதவிகள் உண்டு. தொழிலாளர் துறை அலுவலகத்தில் வழி சொல்வார்கள். வக்கீல் வைக்க வசதியில்லையென்றால் 15100. இலவச சட்ட உதவி அங்கே தொடங்குகிறது. உங்கள் வண்டியில் ஒருவர் அடிபட்டால் அவரை மருத்துவமனையில் சேர்ப்பதும் காவல் நிலையத்தில் சொல்வதும் உங்கள் கடமை. கூட்டத்தின் ஆத்திரத்தால் அங்கே நிற்க முடியாத நிலையைச் சட்டமே ஒப்புக்கொள்கிறது. அப்போது நேராகக் காவல் நிலையத்துக்குப் போங்கள்.

இழப்பீட்டு வழக்கில் முதலாளி சொல்லும் முதல் பதில், "இவன் என்கிட்ட வேலையே பார்க்கலை" என்பதுதான். அதனால் முதல் நாளிலிருந்து ஒரு டிரிப் நோட்டு வையுங்கள். தேதி, வண்டி எண், எங்கிருந்து எங்கே, என்ன லோடு, பேட்டா எவ்வளவு, பக்கத்தில் இருந்த டிரைவர் யார் என்று ஒவ்வொரு நாளும் ஒரு வரி. பேட்டாவை முடிந்தவரை ஜி-பேயில் வாங்குங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்த நோட்டைக் காட்டி, முதலாளியின் லெட்டர்பேடில் அனுபவச் சான்று கேளுங்கள். அடுத்த டிரான்ஸ்போர்ட் அலுவலகத்தில் "மலை ஏறி இறங்கியிருக்கியா?" என்று கேட்டால், நோட்டைப் பிரித்து முந்தலுக்கு மேலே போன நாட்களை எண்ணிக் காட்டலாம்.