மன்னார் வளைகுடாவில் ஒரு துரத்தல்

கன்னியாகுமரிக் கரையில் நின்று கிழக்கே நோக்குங்கள். 1808 மார்ச்சில், அந்த மன்னார் வளைகுடாவில் இரு பாய்க்கப்பல்கள் மூன்று நாட்கள் மோதின.

ஒன்று பிரெஞ்சு ஃபிரிகேட்டான 'பியமோந்தேஸ்'. ஃபிரிகேட் என்பது மூன்று பாய்மரங்களும் ஒரே பீரங்கித் தளமும் கொண்ட விரைவுப் போர்க்கப்பல். வணிகக் கப்பல்களுக்கு அது எமன். 1806 ஜூனில், சீனாவிலிருந்து திரும்பிய 'வாரன் ஹேஸ்டிங்ஸ்' என்னும் கம்பெனிக் கப்பலை இதுவே சிறைபிடித்தது.

எதிரே ஆங்கிலேயரின் 'சான் ஃபியோரென்சோ'. வேடிக்கை என்னவென்றால், அதுவும் பிரெஞ்சுக்காரர் கட்டியதே!

முதல் நாளிரவு சிறு மோதல். மறுநாள் பிரெஞ்சுக் குண்டுகள் எதிரியின் பாய்களையும் கயிறுகளையும் அறுத்தன. பாய்க்கப்பலுக்குக் காற்றே எரிபொருள், பாயே எந்திரம். அது கிழிந்தால் துரத்துவது எப்படி? 'பியமோந்தேஸ்' நழுவிவிட்டது. ஆனால் இந்த எந்திரத்தை நடுக்கடலிலேயே பழுதுபார்க்கலாம். கயிறுகளை முடிந்து, பாய்களை மாற்றி, மார்ச் 8 மாலை ஆங்கிலேயர் எட்டிப் பிடித்தனர். கேப்டன் ஹார்டிஞ்ச் குண்டடிபட்டு இறந்தார். லெப்டினன்ட் டாசன் போரைத் தொடர்ந்தார். ஒரு மணி இருபது நிமிடத்தில் பிரெஞ்சுக் கொடி இறங்கியது.

தோற்ற கப்பலில் பாய்களை இயக்க ஏறத்தாழ 200 லஸ்கர்கள், அதாவது ஆசிய மாலுமிகள், இருந்தனர். அவர்களுக்கு ஆங்கிலேயரோடு என்ன பகை? கயிறு இழுக்கக் கை வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

குண்டு துளைத்த பாய்மரங்கள் விடிவதற்குள் முறிந்து விழுந்தன. கொழும்பு சேர்ந்த கப்பல் பழுது நீக்கப்பட்டு, ஆங்கிலக் கடற்படையில் பணியாற்றி, 1813-இல் உடைக்கப்பட்டது.