கைப்பையில் முதலிடம்

சென்னை மீனம்பாக்கத்தில், அமெரிக்காவிலுள்ள மகளைக் காணப் புறப்படும் மூதாட்டியின் கைப்பையிலிருந்து அரை லிட்டர் தேங்காயெண்ணெய்ப் புட்டியை எடுத்து ஒதுக்கிவைக்கும் காவலரின்மீது, பார்த்து நிற்போர்க்கு மனஸ்தாபம் உண்டாவது இயல்பே எனினும், அவர் நிறைவேற்றும் விதி காரணமின்றிப் பிறந்ததன்று. 2006-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், பிரிட்டனிலிருந்து அட்லாண்டிக் சமுத்திரத்தைக் கடக்கும் விமானங்களை, குளிர்பானப் புட்டிகளில் மறைத்த திரவ வெடிமருந்தினால் தகர்க்க நடந்த சதி வெளிப்பட்டதும், திரவங்கள் முதலில் அடியோடு தடுக்கப்பட்டன. சில வாரங்களில் அத்தடை தளர்ந்து, கலம் ஒவ்வொன்றும் 100 மில்லிலிட்டருக்கு மேற்படாமல், எல்லாம் ஒரு லிட்டர் கொள்ளும் பிளாஸ்டிக் பைக்குள் வெளியே தெரியும்படி அடங்கவேண்டும் என்ற ஏற்பாடு பல தேசங்களில் நிலைபெற்றது.

இங்கே கணக்கில் வருவது கலத்தின் கொள்ளளவே. ஆதலால் 150 மில்லிலிட்டர் ஷாம்புப் புட்டியின் அடியில் இரண்டு விரற்கடை மிஞ்சியிருந்தாலும் அதற்கு அனுமதியில்லை. பற்பசை, களிம்பு, நெய் யாவும் திரவமென்றே கொள்ளப்படும். வரம்புக்குட்பட்ட சிறு புட்டியிலும் எண்ணெய் சில சமயம் கசியும்; அதற்கும் ஒரு காரணமுண்டு: பறக்கும்போது விமானத்தினுள் காற்றழுத்தம் ஏறத்தாழ உதகமண்டலத்தில் இருக்கும் அளவுக்குக் குறைந்துவிடுவதால், புட்டியில் அடைபட்ட காற்று விரிந்து, எண்ணெயை மூடியின் புரிவழியே வெளியே தள்ளுகிறது. மெல்லிய பிளாஸ்டிக் புட்டியில் முக்கால் பங்கு ஊற்றி, பக்கங்களை அமுக்கிக் காற்றைப் போக்கியபின் திருகி மூடுவதே உத்தமம். சோப்புக் கட்டிக்கும் பல்பொடிக்கும் இந்தத் தொல்லை எதுவுமில்லை. ஆயினும் அமெரிக்கா செல்வோர், 2018 முதல், 350 மில்லிலிட்டருக்கு மேற்பட்ட பொடி தனிச் சோதனைக்கு உட்படலாம் என்பதை நினைவில் வைத்து, இட்டிலிப் பொடியைப் பெரிய பெட்டியிலேயே வைத்துவிடலாம்.

எண்ணெயும் வாசனைத் திரவியமும் போன இடத்தில் கிடைக்கும். பெரிய பெட்டி வழிதவறிப் போனால் ஒரு நாளும் இல்லாமல் தள்ளமுடியாத மருந்துகளுக்கே கைப்பையில் முதலிடம் என்பது என் திடமான அபிப்பிராயம். பிரயாணத்துக்கு அவசியமான மருந்துக்கு 100 மில்லிலிட்டர் வரம்பிலிருந்து விலக்கு உண்டு. கேட்குமுன் நாமே எடுத்துக் காட்டவேண்டும். இன்சுலினையோ சாமான் அறைக்கு அனுப்பவே கூடாது; குளிரில் உறைந்துவிட்டால் அதன் சக்தி கெட்டுவிடும். ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் உரிய மாத்திரைகளைச் சிறு டப்பாக்களில் கலந்து கொட்டிவைக்கும் வழக்கம் நம் வீடுகளில் அதிகம். அட்டையோடு கொண்டுபோனாலும், மருந்தின் பெயர் அச்சிட்ட ஓரத்தை முதலில் கத்தரித்துவிட்டால், மிஞ்சுவது இன்ன மருந்தென்று அயல்நாட்டு அதிகாரிக்கோ அவசரத்தில் உதவவரும் வைத்தியருக்கோ தெரிய வழியில்லை. பெயருள்ள முனையைக் கடைசிவரை காப்பாற்றி, மறுமுனையிலிருந்து மாத்திரையை எடுத்து, டாக்டரின் சீட்டை அட்டைகளோடு ரப்பர் வளையமிட்டு, கைப்பையின் வெளியறையில் வைக்கவேண்டும். ஊரிலிருந்து புறப்படுமுன் பிள்ளைகளே இதைச் செய்து கொடுத்துவிடுதல் நலம்.