நரம்புக் கருவிகளின் விலாக் காப்பு

அதியமான் நெடுமான் அஞ்சி வீற்றிருந்த தகடூரே இக்காலத்துத் தருமபுரி. பாணரும் பொருநரும் யாழேந்தி வந்த அவ்வூர்க்கு இன்று வீணையும் கிதாரும் வருகின்றன. வறண்ட கோடையில் அவற்றின் விலாப்புறம் கீறுதல் உண்டு. அதன் காரணத்தையும் காப்பையும் ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

மரம் வெட்டுண்ட பின்னும் காற்றின் ஈரத்தை உண்டும் உமிழ்ந்தும் பருத்துச் சுருங்கும் இயல்பினது. பச்சைமரம் முற்றும் உலருங்கால் நாரின் நீளவாட்டிற் சுருங்குவது பெரும்பாலும் நூற்றில் ஒரு பங்கினும் குறைவு. குறுக்குவாட்டிலோ பல பங்கு. கிதாரின் விலாப்பலகை ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் கனமே உடையது. முன்னும் பின்னும் உள்ளே நிற்கும் கட்டைகளோடு இறுக ஒட்டப்பெற்றது. ஆதலின் தன் போக்கிற் சுருங்கவியலாது இழுபட்டு நிற்கும். அந்நிலையிற் சிறு மோதலும் போதும், நார்களுக்கிடையே வாய்பிளக்கும். பிளவு நாரின் வழியே ஓடுதலின், காப்பு அதற்குக் குறுக்கே அமைதல் வேண்டும்.

துணிநாடாவையேனும் மெல்லிய மரச்சலாகையையேனும் விலாவின் உட்புறத்தே குறுக்காக ஒட்டுவது மேனாட்டுக் கருவித் தச்சர் வழக்கம். கனத்த சலாகை கேடு பயக்கும்; அது தன் நீளத்திற் சுருங்காது நின்று, ஒட்டிய பலகையையே கிழிக்கும். பாதியில் முடியும் சலாகையும் தகாது. முடிந்தவிடத்தே இழுவிசை குவிந்து கீறல் தொடங்கும். நுனியிரண்டும் விளிம்புப் பட்டைகள்வரை சென்று பொருந்துதல் நன்று. இவ்வொட்டு ஒலியைக் கெடுக்குமோ என்று அஞ்சுவார் எசுப்பானியத் தச்சர் தோரெஸ் 1862-இல் இயற்றிய கிதாரை நினைக்க. அதன் விலாவும் முதுகும் காகிதக்கூழ் அட்டை, மேற்பலகையே மரம்!

தஞ்சை வீணையின் நிலை வேறு. பலாமரத்தாலாய அவ்வீணை 2013-இல் புவிசார் குறியீடு பெற்றது. ஒரே மரத்திற் குடைந்த ஏகாண்ட வீணையிற் குடத்தின் சுவரே விலா. நார் நெடுக ஓடுதலின் குடத்தின் கடைமுனையில் அதன் வெட்டுவாய் வெளிப்படும். அவ்வழி ஈரம் விரைந்து போதலின் பிளவு அங்குத் தோன்றுதல் இயல்பு. உட்சுவரில் துணியை வச்சிரத்தாற் குறுக்கே ஒட்டலாம். ஆயின் மேற்பலகை மூடுமுன் செய்தல் வேண்டும். மூடிய பின்னர்ப் பலகையைப் பெயர்த்தாலன்றிக் கை புகாது. கீறலில் மெழுகை அப்பி மறைப்பது கண்ணுக்கு மருந்தேயன்றி மரத்துக்கு அன்று.

பொருநராற்றுப்படை, யாழின் பத்தரைத் தோலாற் போர்த்துத் தைத்தமை கூறும். அப்போர்வை ஒலியின் பொருட்டே ஆயினும், பத்தரை இறுகப் பிணித்த பயனும் உடன் விளைந்திருக்குமென எமக்குத் தோன்றுகின்றது.

தஞ்சைச் சமவெளியினின்று தருமபுரிக்கு வீணை கொணர்வோர், பங்குனி சித்திரையில் அதனை உறையிலிட்டு, வெயில் புகும் சாளரத்தினின்றும் அடுப்பங்கரையினின்றும் விலக்கி வைப்பாராக.