அட்டையின் பசியும் மூலதனத்தின் பசியும்

சுரண்டுபவரை 'அட்டை' என்பது கொடிகாமத்துப் பேச்சுவழக்கிலும் முற்போக்கு எழுத்திலும் நிலைபெற்றுவிட்ட உவமை. அது எந்த அளவுக்குப் பொருந்தும் என்பதை உயிரியலின் துணைகொண்டு நோக்குதல் தகும்.

மருத்துவ அட்டை கடிப்பதையும் உறிஞ்சுவதையும் உமிழ்நீர் சுரப்பதையும் செரொற்றோனின் என்னும் நரம்புப்பொருள் ஒருங்கிணைக்கின்றது என 1984இல் லென்ற், டிக்கின்சன் ஆகியோர் காட்டினர். பசித்த அட்டையில் அது மிகுந்தும், உண்டதன்பின் குறைந்தும் காணப்படுகின்றது. அமினோ அமிலங்கள் சில கோத்த நரம்புப் பெப்ரைட்டுகளும் தசைகளை ஆளுகின்றன. 1977இல் சிப்பியொன்றிலிருந்து முதன்முதல் பிரிக்கப்பட்ட பெப்ரைட்டின் இனத்தவை அட்டையின் இயக்க நரம்புகளிலும் உள்ளன. அட்டையின் உறவாகிய மண்புழுவின் குடலைச் சுருக்கும் பெப்ரைட்டுகளை யப்பானிய ஆய்வாளர் 1990களில் கண்டறிந்தனர்.

எனினும் இங்கு முதன்மையானது, உறிஞ்சல் எவ்வாறு நிற்கின்றது என்பதே. தன் எடையின் பல மடங்கு குருதி நிறைந்து உடற்சுவர் விரிந்ததும் அட்டை தானே கழன்றுவிடும். குடித்த குருதி வெளியே வடியுமாறு செய்த சோதனையிலோ, அது நெடுநேரம் உறிஞ்சிக்கொண்டேயிருந்தது.

மலையகத் தொழிலாளரின் காலில் ஒட்டிய அட்டை நிறைந்ததும் விழுந்தது. அவரது உழைப்பின் உபரியோ, 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாகும்வரை இலண்டனுக்கு வடிந்துகொண்டேயிருந்தது. ஆகவே சுரண்டலைத் தனிமனிதரின் பேராசையாகக் காண்பது போதாது. உறிஞ்சும் வாயை மட்டுமன்றி, வடியும் வழியையும் நமது விமர்சனம் காட்டவேண்டும்.