‘பை ஃப்ரைடே’ன்னா வெள்ளிக்கிழமையும் சேர்த்தியா?

ஹோட்டலில் ‘ஒன் பை டூ’ சூப் என்றால் ஒன்றை இரண்டாகப் பிரிப்பது. ‘30 பை 40’ மனை என்றால் நீள அகலம். இங்கிலீஷில் ரெண்டே எழுத்துள்ள இந்த ‘பை’, இடத்துக்கு இடம் வேலை மாறும். ஆபீஸ் மெயிலில் வந்தால் கொஞ்சம் உஷாரா படிக்கணும்.

டெட்லைன்: ‘பை ஃப்ரைடே’ என்றால் வெள்ளிக்கிழமைக்குள். வியாழன் கொடுக்கலாம், வெள்ளியும் கொடுக்கலாம். சனிக்கிழமை ஆனால் லேட். ‘வெள்ளி வரைக்கும் டைம் இருக்கே’ என்ற நினைப்பில் சிலர் ‘ஐ வில் செண்ட் இட் டில் ஃப்ரைடே’ என்று பதில் போடுவார்கள். அதற்கு அர்த்தம், வெள்ளி வரைக்கும் அனுப்பிக்கிட்டே இருப்பேன்! தொடர்ந்து நடக்கும் வேலைக்கு ‘டில்’. ஒரு தடவை முடித்தால் போதும் என்றால் ‘பை’.

சம்பளம்: 50,000 ரூபாய் சம்பளம் ‘பை 10,000’ குறைந்தால் கையில் 40,000. ‘டு 10,000’ குறைந்தால் மிஞ்சுவதே 10,000தான். ‘பை’ வித்தியாசத்தைச் சொல்லும். ‘டு’ கடைசியில் எவ்வளவு என்று சொல்லும். இன்க்ரிமென்ட் லெட்டரிலும் இதே கணக்குதான்.

மற்றவை: ‘பை பஸ்’ என்றால் பஸ்ஸில். ‘பை த விண்டோ’ என்றால் ஜன்னல் ஓரம். ‘அப்ரூவ்டு பை’ என்றால் ஒப்புதல் கொடுத்தவர் யார் என்பது.

‘க்குள்’, ‘ஆல்’, ‘இல்’ என்று தமிழ் பிரித்துச் சொல்வதை இங்கிலீஷ் ஒரே சொல்லில் முடித்துவிடுகிறது. ஆனால் ‘பை ஃப்ரைடே’ என்பதில் எத்தனை மணி என்பது இல்லை. சாயங்காலம் 5 மணியா, ராத்திரி 12 மணியா என்று முதல்லயே கேட்டுக்கிறது சேஃப்.